ஜெல் தொடாத கை

ஜூலை 8, செவ்வாய், இரவு

அக்கா,

ஒன்றரை வருடமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ போட்ட இரண்டு கடிதங்களையும் படித்தேன், பதில் போடவில்லை. நான் காப்பியடித்ததை டீச்சரிடம் போய்ச் சொன்னவளோடு சாகும்வரை பேச்சு இல்லை என்று சொல்லியிருந்தேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கிருமியைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு ஆள் தெரியாது. ஆஸ்பத்திரி வார்டைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு நீதான் மேற்பார்வை. அதனால் கேட்கிறேன்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஹாஸ்டல் பெட்டியில் போடும் கடிதங்களை வார்டன் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் இதை ரொட்டி வண்டி அண்ணனிடம் கொடுக்கப் போகிறேன். விடியற்காலையில் உன் கேன்டீனில் ரொட்டி இறக்கிவிட்டுத்தான் இங்கே வருகிறார், திரும்பிப் போவதும் அந்த வழிதான். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

இங்கே பதினொரு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கேட்டைப் பூட்டிவிட்டார்கள், வகுப்பு இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். சாப்பாடு கெட்டுப்போனது இல்லை, இது வைரஸ், கை வழியாகப் பரவுகிறது, இரண்டு மூன்று நாளில் தானாக நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறாம் வகுப்பில் ஒரு பொடிசு இருக்கிறாள், அவளை மிளகு என்று கூப்பிடுவோம். அவளுக்கு இன்று காலை கண் செருகிவிட்டது, தூக்கிக்கொண்டு போனார்கள். உன் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாள்.

பழி சோப்பக்கா மேல் விழுந்திருக்கிறது. குளியலறை, கக்கூஸ், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் சுத்தம் செய்வது அவர்தான். சாப்பாடு பரிமாறவும் கை கொடுப்பார். இடுப்பில் ஒரு வலைப்பையில் சோப்புத் துண்டைக் கட்டிக்கொண்டே திரிவார், அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஜெல் பாட்டில் இருக்கிறது. உள்ளே போகிற எல்லோரும் இரண்டு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். சோப்பக்கா மட்டும் தேய்க்க மாட்டார். அவர் விரல் எல்லாம் வெடித்திருக்கும். போன மாதமே ஒரு சண்டை நடந்தது.

"எல்லாரும் போடுறாங்க. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?" என்றார் வார்டன் அம்மா.

"எரியுதும்மா. நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டுதானே வரேன்."

"சோப்பெல்லாம் அந்தக் காலம்."

"கையும் அந்தக் காலத்துக் கைதாம்மா."

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. இப்போது வார்டன் அம்மா ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறார். அதில் 'கைச் சுத்தத்துக்கு மறுத்தவர்' என்று இருக்கிறதாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு நிர்வாகத்தில் இருந்து வருகிறார்கள். சோப்பக்காவை நிறுத்திவிடுவார்கள் என்று ரேடியோ சொல்கிறாள். ரேடியோ என் பக்கத்துக் கட்டில்காரி. வாந்தி எடுக்கும் இடைவேளையில்கூடச் செய்தி வாசித்தாள்.

நான் கேட்க வந்தது இதுதான். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்திருந்தால், அவள் யாரிடமும் சொல்லாமல் அந்த இடத்தைத் துடைத்து ஜெல் ஊற்றித் தேய்த்திருந்தால், கையிலும் ஜெல் நிறையப் போட்டிருந்தால், அது போதும்தானே? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வராந்தாவில் வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.


ஜூலை 9, புதன், மதியம்

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். சும்மா தெரிந்துகொள்வதற்காக யாரும் போர்வைக்குள் டார்ச் பிடிக்க மாட்டார்கள். அந்த 'ஒரு பெண்' இப்போது எப்படி இருக்கிறாள்? வயிறு நின்றுவிட்டதா? தண்ணீர் குடிக்கிறாளா?

கேள்விக்குப் பதில்: போதாது. பல கிருமிகளுக்கு ஜெல் சரி. இந்த வாந்திக் கிருமிக்கு ஜெல்லை நம்ப முடியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். சோப்பு கிருமியைக் கொல்கிறது என்பதைவிட, அதைத் தோலில் இருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்.

நீ ஹாஸ்டலில் சேர்ந்த அன்று ஒரு பச்சைப் பாட்டில் கொடுத்து, 'இது கையில் இருந்தால் போதும்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அப்படி எழுதியது என் தப்பு. தெரிந்தே எழுதினேன். பேருந்து கிளம்ப நேரமாகிவிட்டது, விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை.

கை கழுவும் முறை: உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகத்தடி. எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்கு, ஏழாம் வாய்ப்பாடு ஒரு முறை, அவசரப்படாமல். நீ ஏழெட்டில் தடுக்கி விழுவாய். அதையும் சேர்த்தால் நேரம் சரியாக இருக்கும்.

வாந்தி எடுத்த இடத்தைச் சுத்தம் செய்யும் முறை: கையுறை போட்டுக்கொண்டு முதலில் காகிதத்தால் அள்ள வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர். அதன்பின் ப்ளீச்சைத் தண்ணீரில் அளவாகக் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஊற்றின கையோடு துடைத்துவிட்டால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கிருமி அப்படியே இருக்கும். ப்ளீச்சோடு வேறு எந்த மருந்தையும் கலக்கக் கூடாது. மூச்சு அடைத்துவிடும்.

எங்கள் வார்டில் ஏதாவது பரவினால் 'யார்' என்று நான் கேட்பதில்லை. 'எது' என்றுதான் கேட்பேன். எனக்கு இரண்டு பட்டியல் அனுப்பு. ஒன்று, அந்தப் பெண்ணின் கை அன்று இரவில் இருந்து எதையெல்லாம் தொட்டது. இரண்டு, யார் யாருக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்த அறை.

மிளகு இங்கேதான் இருக்கிறாள், மூன்றாவது வார்டில். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. ஊசி போட்ட நர்ஸை 'கழுதை' என்று திட்டியிருக்கிறாள். எங்கள் ஊரில் இதை நல்ல அறிகுறி என்போம்.

அக்கா

இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் கை கழுவு. ஆஸ்பத்திரியில் எழுதியது.


ஜூலை 10, வியாழன், இரவு

அக்கா,

அது நான்தான்.

ஜூலை ஒன்று, செவ்வாய் இரவு. வராந்தாக் கடைசியில் முகம் கழுவும் தொட்டி இருக்கிறது. அதுவரை ஓடிவிட்டேன், ஆனால் பாதி வெளியே விழுந்துவிட்டது. என் குளிக்கிற துண்டால் துடைத்தேன். உன் பச்சைப் பாட்டிலில் இருந்ததை முழுவதும் ஊற்றித் தேய்த்தேன். துண்டை அலசிப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். விடியும் முன்னால் மறுபடியும் ஒரு தடவை வந்தது. அதற்கு ஜெல் மிச்சம் இல்லை, பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டேன். வியாழக்கிழமை எனக்குச் சரியாகிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் புகார் எழுதுவார்கள். காப்பியடித்த விஷயம் வந்தபோது அப்பா என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும். "இன்னொரு புகார் வந்தா படிப்பு போதும், வீட்டோட கிட" என்றார். அதைச் சொல்ல வைத்தது நீ. அதனால் இதில் உனக்கும் பங்கு இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்கவும் இல்லை.

முதல் பட்டியல்: தொட்டி, குழாய், வராந்தாச் சுவர், விளக்குச் சுவிட்ச், அறைக் கதவின் தாழ்ப்பாள், என் கட்டில் கம்பி, பெட்டி, தண்ணீர் ஜாடி, பாட்டில். இவ்வளவுதான். இதெல்லாம் சோப்பக்கா சனிக்கிழமையே ப்ளீச் போட்டுக் கழுவிவிட்டார்.

இரண்டாவது பட்டியல்: 4ஆம் தேதி ரேடியோ, அவள் என் அறைதான், முதல் அறை. 5ஆம் தேதி ஒட்டகம், இரண்டாம் அறை (உயரமாக இருப்பாள்). 6ஆம் தேதி லீடர், மூன்றாம் அறை. 7ஆம் தேதி இரட்டையரில் மூத்தவள், நான்காம் அறை. 8ஆம் தேதி மிளகு, ஐந்தாம் அறை. இன்று காலை ஆறாம் அறை மூக்குக்கண்ணாடி. மற்றவர்கள் எல்லாம் இவர்களுடைய அறைக்காரிகள், ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வந்தது. மொத்தம் பதினான்கு ஆகிவிட்டது.

எல்லோருடைய வாந்தியையும் அள்ளுகிற சோப்பக்காவுக்கு இதுவரை வரவில்லை. இன்று அவர் வாளியைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு ஏன் வரலை?"

"வாந்தி எடுக்க எனக்கு எங்கடி நேரம்? உங்களுது அள்ளவே பொழுது சரியா இருக்கு."

"திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் நீங்களே அள்ளிக்கங்க. ப்ளீச் மூடியை இறுக்கி மூடணும். அதை மட்டும் மறந்துடாதீங்க."

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று புரியவில்லை.


ஜூலை 11, வெள்ளி, மதியம்

தங்கைக்கு,

பங்கு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அதைப் பிறகு பேசலாம்.

உன் இரண்டாவது பட்டியலை எங்கள் ஆட்கள் உட்காரும் மேஜையில் வைத்து நாலு தடவை பார்த்தேன். கிருமி இப்படி வராது. ஒரே தொட்டியில் இருந்து வந்திருந்தால் அந்தத் தொட்டியைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒன்றாகப் படுத்திருப்பார்கள். இங்கே தினம் ஒருத்தி, அடுத்தடுத்த அறை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை கட்டி வருகிறது. கிருமிக்கு அறை எண் படிக்கத் தெரியாது. வரிசை போட்டது மனிதர்கள்.

உங்கள் ஹாஸ்டலில் தினம் ஒரு கை மாறுகிற பொருள் எது?

முதல் பட்டியலில் அதை நீ விட்டிருக்கிறாய். மறைத்திருக்க மாட்டாய், தோன்றியிருக்காது. எங்கள் ஆட்களும் கதவைக் கழுவுவார்கள், தங்கள் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை மறந்துவிடுவார்கள்.

மிளகுக்குக் குளுக்கோஸ் கழற்றியாச்சு. ரொட்டி கேட்டாள். உங்கள் ஹாஸ்டலுக்கு வரும் அதே ரொட்டி என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்கா


ஜூலை 12, சனி, இரவு

அக்கா,

மணி.

உன் கடிதத்தைப் படித்ததும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் தெரிந்தது. கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் ரேடியோ.

எங்கள் ஹாஸ்டலில் கைமணி ஒன்று இருக்கிறது. எழுந்திருக்க, குளிக்க, சாப்பிட, படிக்க, விளக்கணைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அறைக்கு ஒருத்தி, நாளுக்கு ஒரு அறை என்று முறை வரும். விடிந்ததில் இருந்து இரவுவரை மணி அவளிடமே இருக்கும், மறுநாள் அடுத்த அறைக்குக் கைமாறும். அறிவிப்புப் பலகையில் முறைப் பட்டியல் தொங்குகிறது. இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜூலை இரண்டு, புதன், எட்டாம் அறை முறை. அந்த அறைக்காரிக்கு அன்று பரீட்சை. எனக்காக அடிக்கிறாயா என்று முந்தின நாளே கேட்டாள், சரி என்றிருந்தேன். அந்தத் தேதிக்குப் பலகையில் என் பெயர் இல்லை, அதனால்தான் எனக்குக்கூட ஞாபகம் வரவில்லை. மூன்றாம் தேதியில் இருந்து மறுபடியும் முதல் அறை: ரேடியோ, ஒட்டகம், லீடர், மூத்தவள், மிளகு, மூக்குக்கண்ணாடி. அடித்த மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் ஒவ்வொருத்தியும் விழுந்திருக்கிறாள். ஏழாம் அறைக்காரி நேற்றுக் காலையில் விழுந்தாள்.

புதன் விடியற்காலையில் இரண்டாம் தடவை வாந்தி எடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கையில் தேய்த்துக்கொண்டு, நேராக ஓடிப்போய் மணியைத்தான் எடுத்தேன்.

அந்த மணியின் மரப்பிடியில் துணி சுற்றியிருக்கும். சிராய் குத்தாமல் இருக்க யாரோ எப்போதோ சுற்றியது. அழுக்கில் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். அதை யாரும் கழுவியதே இல்லை. மணியைக் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அது சத்தம் போடுகிற சாமான்.

நான் ஒன்று செய்துவிட்டேன். விளக்கணைத்த பிறகு மணியை ஆணியில் இருந்து எடுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். பாத்திரம் தேய்க்கிற கையுறை போட்டுக்கொண்டு, துணியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்துவிட்டேன். பிடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ப்ளீச் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாக வைத்தேன். ஏழாம் வாய்ப்பாடு எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு. இப்போது தடுக்குவதில்லை. பிறகு கழுவித் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டேன். ப்ளீச் மூடியை இறுக்கி மூடினேன்.

இனிமேல் மணியால் யாருக்கும் வராது. இல்லையா? அப்படியென்றால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இல்லையா? பிடித்துணியைத் தூக்கி எறிந்துவிட்டால் முடிந்தது.

நீ வார்டன் அம்மாவுக்கு எழுதக் கூடாது. எழுதினால் இந்தத் தடவை நிஜமாகவே சாகும்வரைதான். நீ எழுதிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சோப்பக்காவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பயம், எது பெரியது என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.


ஜூலை 13, ஞாயிறு

தங்கைக்கு,

மணியை நீ சுத்தம் செய்த முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பத்து நிமிடம் பொறுக்க மாட்டார்கள்.

நான் எழுத மாட்டேன்.

அன்று டீச்சரிடம் போவதற்கு முன்னால், நீயே சொல்வாய் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாவது நாள் போய்ச் சொல்லிவிட்டேன். மூன்றாவது நாளும் காத்திருந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக இதை உனக்கு எழுத நினைத்து, வேறு எதையாவது எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நீ கேட்டது. இனி வராது என்பது பெரும்பாலும் சரி. ஏற்கெனவே வந்தவர்களின் அறைகளில் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம், பயப்படாதே. சொல்ல வேண்டியதில்லை என்பது அப்படி இல்லை. ப்ளீச் மணிக்குப் போதும். வார்டன் எழுதி வைத்திருக்கிற காகிதத்தில் 'மறுத்தவர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு ப்ளீச் வேலை செய்யாது. அங்கே ஜெல்லை நம்பாமல் சோப்பை நம்பியது அவர் ஒருத்திதான். எல்லா அறையிலும் வாந்தி அள்ளியும் அவருக்கு வரவில்லை. இதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவள் உங்கள் ஹாஸ்டலில் ஒருத்திதான் இருக்கிறாள்.

சொல்வதாக இருந்தால் அழுதுகொண்டு போகாதே. அழுகிறவள் சொல்வதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். நோயாளிப் பட்டியல், மணி முறைப் பட்டியல், பையில் முடிந்த துணி, மூன்றையும் கொண்டுபோ. 'எது' என்பதை முதலில் சொல். 'யார்' என்பதை அவர்களே கேட்பார்கள்.

அப்பா விஷயத்தில் என்னால் உறுதி சொல்ல முடியாது. எனக்கு இரண்டு நாள் லீவு பாக்கி இருக்கிறது. அப்பா வரும்போது நானும் வந்து உன் பக்கத்தில் நிற்பேன். நான் நின்று என்ன ஆகும் என்று கேட்டால், தெரியாது.

இது திங்கள் காலை உன் கையில் கிடைக்கும். பத்து மணிக்கு நான் மூன்றாவது வார்டில் தரை துடைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு எழுது.

அக்கா


ஜூலை 15, செவ்வாய், பகல்

அக்கா,

இதைப் பகலில் எழுதுகிறேன். படிப்பு அறையில், ஜன்னல் பக்கத்து மேஜையில்.

நேற்று மூன்று பேர் வந்திருந்தார்கள். அலுவலக அறையில் வார்டன் அம்மா காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் கதவைத் தட்டினேன். சோப்பக்கா சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் இடுப்பில் வலைப்பை இல்லை. அதைப் பார்த்ததும் நான் தயார் செய்து வைத்திருந்த முதல் வரி மறந்துவிட்டது.

"என்னம்மா வேணும்?" என்றார் வந்திருந்தவர்களில் கண்ணாடி போட்டவர்.

"மணி" என்றேன்.

"மணி பத்தேகால்" என்றார் அவர்.

நான் இரண்டு பட்டியலையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். பையை அதன்மேல் வைத்தேன். 'எது' என்பதை எதையும் விடாமல் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே அழவில்லை. கண்ணாடிக்காரர் பட்டியலில் விரலை வைத்து வரிசையாக இறக்கிக்கொண்டே வந்தார். ஐந்தாம் அறைக்கு வந்ததும் விரல் நின்றது. அப்புறம்தான், "முதல்ல அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லை என்று இருந்தது. வார்டன் அம்மா பையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பழக்கத்தில் அவர் கை மேஜைமேல் இருந்த ஜெல் பாட்டிலுக்குப் போனது. பாதியில் நின்றது. எழுந்து வெளியே போனார். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது.

திரும்பி வந்து, காகிதத்தில் 'மறுத்தவர்' என்ற வார்த்தையை அடித்தார். அடித்தபோது சோப்பக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருந்துச்சு அதுல?"

வார்டன் அம்மா படித்துக் காட்டவில்லை. "ஒண்ணும் இல்ல. நீங்க போய் வேலையப் பாருங்க" என்றார். 'நீங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சோப்பக்காவை நிறுத்தவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. சாயங்காலம் குளியலறை வாசலில் போய் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா என்னை எல்லாரும் எப்படிப் பாத்தாங்கன்னு தெரியுமாடி உனக்கு? நான் பரிமாறின தட்ட அந்த ஒட்டகம் தொடலை."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்த."

"ஆமா."

கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு இன்னொரு பிரஷை என் பக்கம் தள்ளினார். "பிடி. மூலையில இருந்து ஆரம்பி. நடுவுல எல்லாரும்தான் தேய்ப்பாங்க."

ஏழு மணிவரை தேய்த்தேன்.

என் ஹாஸ்டல் இடத்தைப் பற்றிப் பருவ முடிவில் பார்ப்பார்களாம். அப்பாவுக்குக் கடிதம் போய்விட்டது. நீ லீவு எடுத்து வைத்துக்கொள். மணி முறையில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் சாப்பாட்டு வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஜெல் மேஜையைத் தூக்கிவிட்டார்கள், குழாயும் சோப்பும்தான். ஒவ்வொருத்தியும் ஏழாம் வாய்ப்பாடு முடிக்கும்வரை நான் உள்ளே விடக் கூடாது. ரேடியோ "ஏழொண்ணு ஏழு, ஏழுபத்து எழுபது" என்று முதலையும் கடைசியையும் மட்டும் சொல்லிவிட்டு ஓடப் பார்க்கிறாள். பிடித்து நிறுத்துகிறேன். திட்டுகிறாள். வேறு ஒரு பெண், "வந்ததே உன்னாலதான், நீ வந்து எங்களுக்குச் சொல்றியா?" என்றாள். அவள் கட்டைவிரலைத் தேய்க்கவில்லை, அதை மட்டும் காட்டினேன்.

இன்று புதிதாக யாரும் விழவில்லை. மணியின் பிடியில் இப்போது துணி இல்லை, கையில் சிராய் குத்துகிறது என்று அடிக்கிறவர்கள் முனகுகிறார்கள். மிளகு எப்போது வருவாள் என்று கேட்டுச் சொல்.

ரொட்டி வண்டி அண்ணனிடம் இனிமேல் கடிதம் வேண்டாம். இதை ஹாஸ்டல் பெட்டியில்தான் போடப் போகிறேன். வார்டன் அம்மாவுக்குப் பிரிக்கிற வேலை வைக்க வேண்டாம் என்று உறையை ஒட்டவில்லை.

உன் தங்கை